வெள்ளிக்கிழமை கேட்டதும் செவ்வாய்க்கிழமை கேட்டதும்

இரண்டு குறுந்தகட்டுக் கருவிகளை ஒப்பிட்டு நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதை நம்பி ஒருவர் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனார். அந்த ஒன்றரைப் பக்கம் தவறானது என்பது எனக்குத் தெரியவர நாலரை ஆண்டுகள் ஆயின. இதை எழுதி முடித்தால் மனப்பாரம் குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வயது ஏறிவிட்டது. மறதி வந்து கலைப்பதற்குள் நடந்ததை நடந்த வரிசையில் வைத்துவிட வேண்டும், அவ்வளவே.

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான் மின்பணியாளனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோயிற்று. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவதையும், பின்னர் ஒலிபெருக்கிகளைச் செப்பனிடுவதையும் பிறர் செய்யப் பார்த்தே கற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஒலிபெருக்கிக்கும் நானே பொறுப்பு. பாடகர் குழுவில் எவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். என்னை மேஸ்திரி என்பார்கள்; மேஸ்திரிக்கு நல்ல காது என்றொரு பேச்சு இதனால் ஊரில் உலவியது. அந்தப் பேச்சை நான் மறுத்ததில்லை.

முதலாளியின் வீடும் ஆலையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. முன்னால் வீடு, பின்னால் ஆலை. ஆலையில் பன்னிரண்டு டிரம்கள். டிரம் என்றால் இரண்டு ஆள் உயரமுள்ள மரப் பீப்பாய். தோலையும் நீரையும் மருந்தையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு அது ஓயாமல் உருளும். எங்கள் பகுதி ஆலைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மட்டும் டிரம்கள் நிற்கும். அவற்றைச் சுழற்றும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அப்போதே அவற்றின் அருகில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்திருந்தேன்.

முதலாளி இசைப்பித்தர். தோல் கண்காட்சிகளுக்காக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஐரோப்பா போய்வருவார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு குறுந்தகட்டுக் கருவியைத் தருவித்தார். பெட்டியிலிருந்து அதைத் தூக்க இருவர் தேவைப்பட்டோம். முகப்புத் தகடு என் கட்டைவிரல் தடிமன் இருந்தது. குறுந்தகடு வைக்கும் தட்டம் ஓசையின்றி வெளியே வந்து, ஓசையின்றி உள்ளே போயிற்று. மாடியறையில் அதை வைத்த அன்று என்னையும் என் நண்பர் ஒருவரையும் பார்க்க அழைத்திருந்தார்.

அந்த நண்பர் வாணியம்பாடியில் வானொலியும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நானறிந்தவரை எங்கள் பகுதியில் அவரைப்போல் கருவிகளின் உட்புறத்தை அறிந்தவர் எவருமில்லை. முதலாளியின் அனுமதியோடு மேல்மூடியைக் கழற்றி, கால்மணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னா ண்ணா பெரிய ரகசியம்?" என்றார் கடைசியில். "கரெண்டு சப்ளைய நல்லா குடுத்திருக்கான். வெயிட்டா செஞ்சிருக்கான். ஆடாம நிக்கவச்சிருக்கான். அவ்ளோதான்."

முதலாளி அருகில்தான் நின்றிருந்தார். "அவ்ளோதான்னா செஞ்சி காட்டு, பாய். ராணிப்பேட்டையில ரெண்டு பேரு, இங்க மூணு பேரு, எனக்கு போன் மேல போன். எங்க வாங்கினே, எங்க வாங்கினேன்னு. நீ செஞ்சது இதுக்குப் பக்கத்துல நின்னுச்சின்னா அவங்க எல்லாருக்கும் நீயே செஞ்சி குடு. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் சும்மா கெடக்குது, அத எடுத்துக்கோ."

"நிக்குதுன்னு யாரு சொல்றது, மொதலாளி? நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. நீங்க சொன்னா நான் நம்பமாட்டேன்."

"மேஸ்திரி சொல்லட்டும். அவரு காது எந்தப் பக்கமும் சாயாது."

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

அவர் நான்கு மாதங்கள் உழைத்தார். யாரோ கழித்துப்போட்ட ஒரு ஜப்பானியக் கருவியின் சுழல்பகுதியை எடுத்துக்கொண்டார். மற்ற அனைத்தையும் தாமே செய்தார். தட்டைப் படிக்கும் பகுதிக்குத் தனி மின்வழங்கி, ஓசையை உருவாக்கும் பகுதிக்குத் தனி மின்வழங்கி. ராணிப்பேட்டையில் பழைய இரும்புக் கடையொன்றில் கிடைத்த தடித்த அலுமினியத் தகட்டை அறுத்துப் பெட்டி. அதிர்வு ஏறாமலிருக்க, செருப்பின் அடிக்கு வைக்கும் கெட்டித் தோலை ஏழு அடுக்காக ஒட்டி அதற்குக் கால்கள். ஜெர்மானியர்களுக்கு அந்த யோசனை தோன்றியிராது என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். "அவங்க ஊர்ல தோலு வெல ஜாஸ்தி ண்ணா" என்றார்.

அந்த நாலாவது மாதத்தில்தான் சவூதியிலிருந்து அவருக்கு விசா வந்தது. மனைவியின் அண்ணன் ஏற்பாடு செய்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை. அவருக்குப் போக விருப்பமில்லை.

"குளுரு காத்து ஊதுற பொட்டியில கேக்கறதுக்கு இன்னா ண்ணா இருக்கு?" என்று என்னிடம் சொன்னார். "ஆனா வீட்டுல சும்மா இருக்கவும் முடியாது. மொதலாளி சொன்னது நடந்துச்சின்னா இங்கியே இருந்துடுவேன். இல்லன்னா கெளம்பவேண்டியதுதான். வர்ற வியாழக்கெழமைக்குள்ள ஏஜெண்டுக்கு பதில் சொல்லணும்."

ஆகவே என் தீர்ப்பில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த வியாழனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையன்று இரண்டையும் ஒருசேரக் கேட்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நண்பரின் கருவிக்காகச் சென்னையில் சுற்றக் கொடுத்திருந்த டிரான்ஸ்பார்மர் வந்துசேரவில்லை. சனிக்கிழமைதான் கிடைக்கும் என்று செய்தி வந்தது. முதலாளிக்கோ செவ்வாய்க்கிழமை மாலையில் விமானம்.

"இத இன்னிக்குக் கேட்டு எழுதிடுங்க, மேஸ்திரி. அது வந்தப்புறம் அத கேட்டு எழுதுங்க. முடிஞ்சிது" என்றார் முதலாளி.

தொழுகை முடிந்து, உணவும் முடிந்து, மூன்று மணிக்கு மாடியறையில் அமர்ந்தேன். மூன்று தட்டுகளைத் தேர்ந்திருந்தேன். முதலாளிக்கு மிகவும் பிடித்த கஜல் தட்டு ஒன்று. வீணைத் தட்டு ஒன்று. கருவியோடு வந்த வெளிநாட்டுத் தட்டு ஒன்று. அதில் பியானோவும், நின்றுகொண்டே வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமும் மட்டுமே. ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டேன். கேட்டு முடித்து, நூலகத்து நூல்களில் படித்துப் பழகிய நடையில் ஒரு பக்கம் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"குரல் நெஞ்சிலிருந்து எழுகிறது, தொண்டையிலிருந்து அன்று. தபேலாவின் இடப்பக்க அடி தரையைத் தொட்டவுடன் நின்றுவிடுகிறது, இழுபடுவதில்லை. வீணையின் நாதம் தேய்ந்து எங்கே முடிகிறது என்பதைக் காதால் இறுதிவரை பின்தொடர முடிகிறது. முடிந்த இடத்தில் முழு அமைதி. இந்த அமைதியே இக்கருவியின் தலையாய சிறப்பு."

முதலாளி அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இத அந்த ஜெர்மன்காரனுக்கு அனுப்பணும். அவன் இன்னா செஞ்சான்னு அவனுக்கே தெரியாது" என்றார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நண்பர் தம் கருவியைப் போர்வையில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தொடைகள் மரத்துப்போய்ப் படியேற முடியாமல் கீழே சிறிது நேரம் நின்றார். பதினொரு மணிக்கு மாடியறையில் அதை வைத்து இணைப்புக் கொடுத்தோம்.

"ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டா நல்லா இருக்கும், மொதலாளி" என்றேன்.

"அதத்தான் எழுதியாச்சே. கட்டிங் கையில இருக்கும்போது பேல எதுக்குப் பிரிக்கணும்?"

ஒப்புக்கொண்ட சரக்கிலிருந்து உள்ளங்கையளவு ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்வது எங்கள் தொழிலின் வழக்கம். அதுதான் கட்டிங். பின்னர் எந்தச் சரக்கு எந்த நாளில் வந்தாலும் அந்தத் துண்டை அருகில் வைத்துப் பார்த்தால் போதும். கட்டிவைத்த பழைய பேலை அவிழ்க்க வேண்டியதில்லை. என் ஒரு பக்க எழுத்தை முதலாளி கட்டிங்காக எடுத்துக்கொண்டார். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. என் எழுத்துக்கு அத்தகைய மதிப்புக் கிடைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோலை ரகம் பிரிக்கும் மேசையருகே, சரக்கைக் கொண்டுவந்தவர் வாய் திறக்கக் கூடாது. நிற்கலாம், பார்க்கலாம், பேசக் கூடாது. பேசினால் சரக்கில் ஏதோ குறை இருக்கிறது, அதை மறைக்கப் பேசுகிறார் என்று கொள்வார்கள். வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்தவருக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்பர் கதவோரமாகப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் கண்களை மூடிக்கொண்டு கேட்டேன். கஜல் தொடங்கியது. குரல் வந்தது, ஆனால் அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியது போலிருந்தது. தபேலாவின் இடப்பக்க அடி நின்ற பிறகும் ஏதோ ஒன்று அடியில் நீண்டுகொண்டிருந்தது. வீணைத் தட்டை வைத்தேன். தந்தியின் நாதம் பாதி தூரம் வந்து, எதிலோ கரைந்து, காணாமற்போயிற்று. அவருக்காக இன்னொருமுறை கேட்டேன். மாற்றமில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது.

நான் கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன்.

முதலாளி சிரித்தார். "செலக்‌ஷன்ல சரக்குக்காரன் பேசக்கூடாது பாய். உனக்குத் தெரியாதா?"

நான் கண்ணைத் திறந்தபோது நண்பர் சுவரோடு சாய்ந்து, ஒரு கையை விரித்துச் சுவரின்மேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். களைப்பினால் தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று எண்ணினேன்.

அரைப் பக்கம் எழுதினேன். "குரலின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியது போன்ற மந்தம். கீழ்ச்சுருதியில் ஒரு மங்கல் எப்போதும் நிற்கிறது. நாதம் முடியுமிடம் தெரியவில்லை. அமைதி என்பதே இல்லை. உழைப்பு பாராட்டத்தக்கது. எனினும் முன்னதன் அருகில் வைக்கத்தக்கதன்று."

நண்பர் தாளை வாங்கி இருமுறை படித்தார். "அப்போ நிக்காது" என்றார்.

"நிக்காது."

"சரி ண்ணா."

போர்வையை விரித்தார், கருவியை வைத்தார், நான்கு முனைகளையும் இழுத்துக் கட்டினார். முதலாளி அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், அவர் இருக்கவில்லை. வியாழக்கிழமை ஏஜெண்டிடம் வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் போய்விட்டார்.

அவர் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்குள் ஒரு நிமிர்வும் இருந்ததை மறைப்பதற்கில்லை. நட்புக்காகச் சொல்லை வளைக்காதவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டேன். சபையில் ஒருவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். இடையில் நண்பர் இருமுறை விடுப்பில் வந்தார். ஒருமுறை ஒரு திருமணத்தில் பார்த்தேன், மறுமுறை கடைவீதியில். அந்த ஊர் வெயிலைப் பற்றியும், மகளின் படிப்பைப் பற்றியும் பேசினார். கருவியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலரை ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்காலத்தில் முதலாளிக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஊர் ஊராகச் சுற்றியவர் வாரக்கணக்கில் வீட்டோடு இருக்கும்படி ஆயிற்று. அதுவரை அவர் இசை கேட்டதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே. மற்ற நாள்களில் அவருக்கு நேரமிருந்ததில்லை. ஒரு புதன்கிழமை காலையில் எனக்கு ஆள் அனுப்பினார்.

"மேஸ்திரி, பிளேயர் போச்சு. கேக்கவே பேஜாரா இருக்கு."

போய்க் கேட்டேன். உண்மைதான்; குரல் மந்தமாக இருந்தது. ஒளிவில்லையைத் துடைத்தேன். இணைப்புக் கம்பிகளை மாற்றினேன். பயனில்லை. எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் குறையை எழுதிக்கொள்வது என் வழக்கம். தாளை எடுத்து, "குரலின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியது போன்ற மந்தம்" என்று எழுதினேன். எழுதிய கையோடு, இதை எங்கோ எழுதியிருக்கிறோமே என்ற எண்ணம் வந்தது. எங்கே என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

முதலாளி கட்டிலிலிருந்து, "இன்னா மேஸ்திரி, ஸ்பேர் கெடைக்காதா?" என்றார். கீழே இறங்கிப் பின்கட்டுக்குப் போனேன். டிரம்கள் உருளும் கொட்டகையில் மேற்பார்வையாளரிடம், பத்து நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்தும்படி கேட்டேன். பத்து நிமிட நிறுத்தத்தால் சரக்குக்குக் கேடில்லை. மோட்டார் பழுது என்று எண்ணிக்கொண்டு அவர் நிறுத்தினார்.

மாடியேறி, அதே கஜலை மீண்டும் ஓடவிட்டேன். குரல் நெஞ்சிலிருந்து எழுந்தது. தபேலா அடி தரையைத் தொட்டு நின்றது.

"ஆங்! சரியாயிடுச்சி. இன்னா பண்ணீங்க?"

"டிரம்ம நிறுத்தினேன், மொதலாளி."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ அந்த வாணியம்பாடிக்காரன் கொண்டாந்த அன்னிக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

"செவ்வாக்கெழமை, மொதலாளி. டிரம் பன்னெண்டும் ஓடிட்டிருந்துச்சி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விடுங்க மேஸ்திரி. அவன் அங்க நல்லாதான் இருப்பான்" என்றார்.

என்னால் விட முடியவில்லை. ஓயாமல் கேட்கும் ஓசை நாளடைவில் காதில் விழாமல் போகும். டிரம்களின் உறுமல் எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அது ஓடும்போது நான் அதை அமைதியென்றே அறிந்தேன். ஆனால் தரைவழியாகவும் சுவர்வழியாகவும் அது அந்த மாடியறைக்கு ஏறியது. மோட்டார்கள் மின்கம்பியில் கிளப்பும் கலக்கமும் அதனோடு சேர்ந்து ஏறியது. வெள்ளிக்கிழமை அவை இல்லாததை ஒரு கருவியின் சிறப்பென்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அவை இருந்ததை இன்னொரு கருவியின் குறையென்று எழுதினேன். இத்தனைக்கும் மின்னழுத்தம் வெள்ளிக்கிழமைகளில் ஏறி மற்ற நாள்களில் இறங்குவதை ஆலையின் பதிவேட்டில் தினமும் குறித்து வந்தவன் நான். எங்கள் ஆலையில் ரகம் பிரிப்பவர்கள் வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில், முற்பகலில் மட்டுமே தோலைப் பார்ப்பார்கள். வெயில் திரும்பிவிட்டால் மேசையை மூடிவிடுவார்கள். ஒரே வெளிச்சத்தில் பார்க்காத இரண்டு தோல்களை ஒப்பிட்டதாக அவர்களில் ஒருவரும் சொல்லத் துணியமாட்டார். நான் துணிந்தேன்.

நண்பருக்குக் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் என் நடை என்னை மறைத்துக்கொண்டது. "தவிர்க்க இயலாத சூழ்நிலையின் காரணமாக" என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதைப் படித்து வெட்கி, கிழித்தேன். சூழ்நிலை தவிர்க்கக் கூடியதாகவே இருந்தது. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, அவர் விடுப்பில் வர ஒன்றரை ஆண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அயர்ச்சியான காத்திருப்பு வேறில்லை.

அவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட மறுநாளே வாணியம்பாடிக்குப் போனேன். வீட்டு வாசலில் மகளின் மிதிவண்டிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கிலியை மாட்டி முடித்து, மிதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் ண்ணா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். செவுத்துல கைய வச்சிப் பாத்தேன். டிரம்மு ஒதறல் அப்பிடியே கையில ஏறுச்சி. அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க கையக் காட்டிட்டீங்க."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"எப்பிடிச் சொல்றது? என் பொருளு தோத்தப்புறம், உங்க டிரம்முதான் காரணம்னு சொன்னா யாரு நம்புவா? நொண்டிச் சாக்குன்னு சொல்லுவீங்க. நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனைப்பேன்." மிதிவண்டியை ஓரமாக நிறுத்தினார். "அதுவுமில்லாம, அன்னிக்கு எனக்கே சந்தேகம். டிரம்மு பாதி, என் பொட்டி பாதியோ இன்னாவோன்னு."

"ஒரு வெள்ளிக்கெழமை ரெண்டையும் பக்கத்துல வச்சிக் கேக்கலாம். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"இப்ப இன்னாத்துக்கு ண்ணா? யாரு வாங்கப்போறாங்க? எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் கேக்கறாங்க."

வாங்குவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக என்றேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் செய்த கருவி உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்குரல் பாடிக்கொண்டிருந்தது. "சரி. பன்னெண்டு நாள்ல திரும்பிப் போவணும். வர்ற வெள்ளிக்கெழமைன்னா வர்றேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு, அதே மாடியறையில் மூவரும் அமர்ந்தோம். முதலாளி இளைத்திருந்தார். இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து, ஒரே கம்பியால் மாற்றி மாற்றி இணைத்தேன். ஓசையளவு ஒன்றுக்கொன்று கூடக்குறைய இல்லாதபடி மீட்டர் வைத்துச் சரிசெய்தேன். அதே மூன்று தட்டுகள். நண்பரைக் கதவருகே நிற்க விடவில்லை. நடு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

இரண்டு மணி நேரம் கேட்டோம். ஈரச் சாக்கு இரண்டிலும் இல்லை. தபேலா இரண்டிலும் நின்றது. கடைசியாக வீணையை இருமுறை மாற்றிப் போட்டேன். எனக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மனசாறணும்னு சொல்லாதீங்க ண்ணா."

"இல்ல தம்பி. நெசமாவே எனக்குத் தெரியல."

"மேல, அந்தத் தந்தி முடியற எடத்துல, மணல் மாதிரி ஒரு சின்ன சத்தம். தந்தியோட சத்தந்தான் அது. அவங்கள்துல இருக்கு. என்னுதுல இல்ல. இன்னொரு தபா போடுங்க."

போட்டேன். அவர் விரலைத் தூக்கி, "இதோ" என்றார். எனக்குக் கேட்கவில்லை. முதலாளிக்கும் கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தம் கருவிக்கு எதிராகப் பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. என் காதிலிருந்து அந்த மேற்சுருதி எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. தீர்ப்பு எழுதிய அன்றே போயிருக்கலாம்.

"அவங்கள்துதான் மேல" என்றார் நண்பர். "கொஞ்சம். ரொம்பக் கொஞ்சம்."

"இவ்ளோதான் வித்தியாசம்னா அன்னிக்கே உனக்கு ரூமக் குடுத்திருப்பேன், பாய்" என்றார் முதலாளி. "அஞ்சு பேருக்கும் செஞ்சிருப்பே."

"ஆமா மொதலாளி" என்றார் அவர்.

மதிலுக்குள் ஓர் ஓசையுமில்லை. நான் கம்பிகளைக் கழற்றினேன். கருவியை வாணியம்பாடி வரை கொண்டுபோய்க் கொடுப்பது என் கடமையென்று சொல்லி அவருடன் பேருந்தில் ஏறினேன். இம்முறை அதை நான் என் மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழி தாண்டுவதற்குள் தொடைகள் மரத்துவிட்டன.

வீட்டில் அவர் மனைவி கூடத்தில் உட்கார்ந்து, ஷூ கம்பெனியிலிருந்து வந்த மேல்தோல்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தைத்தவை, மறுபக்கம் தைக்காதவை. கருவி இல்லாத அந்த ஒரு பகல் வேலையே ஓடவில்லை என்று கணவரிடம் கடிந்துகொண்டார். பிறகு எனக்குப் பாய் விரித்துவிட்டு, "இன்னா ஆச்சு, உங்க பந்தயம்?" என்று கேட்டார்.

"தோத்துட்டேன்" என்றார் நண்பர், கருவியைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டே. "ஆனா கொஞ்சத்துலதான். ரொம்பக் கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"மேஸ்திரி அண்ணாவுக்கே கேக்கல. அவ்ளோ."

அவர் மனைவி ஊசியை நிறுத்தினார். "அந்தக் கொஞ்சத்துக்கா ஆறு வருஷம்?"

நண்பர் சிரித்தார். ஆனால் கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது.

"ஆமாம்மா. அந்தக் கொஞ்சத்துக்குத்தான்" என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம், பாட்டைப் போடும்படி சொல்லிவிட்டு, அடுத்த மேல்தோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.